'பின்னணி நடனக் குழு' வேண்டாம், 'ஆடல்நிரை' எப்படி?

நண்பர்களே,

பாரிஸ் பாலே பற்றிய ஆவணப்படத்தின் காரைக்குடித் திரையிடலுக்காகத் தேவகோட்டை அண்ணன் அனுப்பிய துணையுரைக் (சப்டைட்டில்) கோப்பைப் பார்த்தேன். நல்ல உழைப்பு. ஆனால் 'கோர் த பாலே' (பாலேயில் தனியாட்டம் இல்லாமல் வரிசையாகச் சேர்ந்து ஆடும் குழு) வரும் இடமெல்லாம் 'பின்னணி நடனக் குழு' என்று போட்டிருக்கிறார். சினிமாவில் புழங்குகிற சொல், யாருக்கும் புரியும், சரி. இந்தப் படத்துக்கு மட்டும் அது ஒத்துவராது.

ஏனென்றால் படமே அந்தப் பின்வரிசைக்காரர்களைப் பற்றியதுதான். நடன அமைப்பாளர் பெஞ்சமின் மில்பியே 2014இல் பாரிஸ் ஓப்பரா பாலேவின் நடனப் பொறுப்புக்கு வருகிறார். 14ஆம் லூயி காலத்திலிருந்து வேர் உள்ள குழு, அதற்குள் ஐந்து படிகள். 2015 செப்டம்பரில் அரங்கேறிய தன் புதுப் படைப்புக்கு அவர் எடுத்தது உச்சிப்படிக்காரர்களை அல்ல, வரிசையில் நின்ற இளையவர்கள் 16 பேரை. அவர்களைப் போய்ப் 'பின்னணி' என்றால், அவர் எதை மாற்றப் பார்த்தாரோ அதையே நாம் திரையின் அடியில் எழுதிக்கொண்டிருப்போம்.

பழைய பாலேயிலும் அவர்கள் பின்னணி இல்லை. 'லா பயதேர்' (நம் ஊர்க் கோயில் நடனப் பெண்ணை வைத்து 1877இல் ருஷ்யாவில் போட்டது) நிழலுருக்கள் காட்சியைப் பாருங்கள். சரிவுமேடையில் ஒருவர் பின் ஒருவராக, ஒரு காலைப் பின்னால் உயர்த்தி உடலை முன்னால் சாய்த்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து இறங்குவார்கள். பாரிஸில் 32 பேர். முதலில் இறங்கியவர் கடைசி ஆள் வந்து சேரும்வரை அதையே செய்துகொண்டிருக்க வேண்டும், ஒரு கணுக்கால் ஆடினாலும் அரங்கம் முழுவதும் பார்க்கும். அங்கே ஆடுவது ஆள் இல்லை, வரிசை.

அதனால்தான் 'நிரை', வரிசை என்றே பொருள். ஆநிரை ஞாபகம் வருகிறது, மாட்டு மந்தை மாதிரி இருக்கிறது என்று கானாடுகாத்தான் ஆச்சி சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை, பிளஸ் டூ கணக்கில் அணிகள் (மேட்ரிக்ஸ்) படித்த பிள்ளைகளுக்கு நிரையும் நிரலும் அன்றாடச் சொல். குழுவுக்கு 'ஆடல்நிரை', அதில் ஆடுபவருக்கு 'நிரையாடுநர்'. 'நிரையர்' என்று சுருக்க வேண்டாம், நிரையம் என்றால் நரகம், தெரிந்தவர்கள் திடுக்கிடுவார்கள்.

அப்புறம் 'எத்வால்', அந்த ஐந்து படிகளில் உச்சிப்படி. 'விண்மீன்' என்பது நேர்ப்பொருள்தான், ஆனால் அது ஒரு பட்டம். படம் எடுத்த காலத்தில் கீழ்ப்படிகளுக்கெல்லாம் தேர்வில் ஆடிக்காட்டி ஏறினார்கள், இந்த உச்சிப்படியை மட்டும் நிர்வாகம் பார்த்துக் கொடுக்கும், பெரும்பாலும் ஆட்டம் முடிந்த கையோடு மேடையிலேயே அறிவிப்பார்கள். சிலம்பில் மாதவி அரங்கேறியதும் அரசனிடம் பெற்றாளே தலைக்கோல் பட்டம், அதே முறை. சோழர் கல்வெட்டுகளிலும் 'தலைக்கோலி' உண்டு. ஆண்களும் எத்வால் ஆவதால் 'தலைக்கோலர்' என்று பொதுவாக வைக்கலாம். கம்பன் விழாவுக்கு வந்து உட்கார்கிற ஊர் இது, தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.

மில்பியே 2016இலேயே விலகிவிட்டார். படத்துக்குப் பிந்தைய செய்தி என்றாலும் அறிமுகத் தாளில் ஒரு வரி போடுங்கள் அண்ணே. 'ஆடல்நிரை'க்கு மறுப்பு இருந்தால் கோப்பைப் பூட்டுவதற்குள் எழுதுங்கள்.