காந்தள் பூவை நேரில் பார்த்து வரைய இடம் தேவை

வணக்கம் நண்பர்களே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகச் சொல்லும் 99 பூக்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கவிதை எழுத ஆசை. ஆம்பல், குவளை, வெட்சி என்று கைக்கெட்டும் பூக்களிலிருந்து தொடங்கிவிட்டேன். இப்போது உங்கள் உதவி வேண்டும்.

முதலில் காந்தள். நம் மாநில மலர்தான், படங்களும் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் படத்தைப் பார்த்து வரைந்தால் உயிர் வருவதில்லை. அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் இருக்கும் இதழ், நாள் போகப்போக முழுச் சிவப்பாகிவிடும். இதழ்கள் மேல்நோக்கி வளைய, சூல்தண்டு மட்டும் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். சங்கப் புலவர்கள் இதைப் பெண்ணின் விரலாகவும் தீச்சுடராகவும் பார்த்தது எவ்வளவு நுட்பம்! அந்த நிறமாற்றத்தைச் செடி அருகிலேயே இருந்து சில நாள் தொடர்ந்து வரைய வேண்டும்.

மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் காந்தளைக் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அங்கே தெரிந்த விவசாயி யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரலாமா? கிழங்கு கடும் விஷம் என்பது தெரியும், செடியைத் தொட மாட்டேன்.

அப்புறம் அனிச்சம். அது எந்தச் செடி என்பதில் ஆளுக்கொரு கருத்து. உங்கள் ஊரில் அந்தப் பெயரில் எதையாவது சொல்கிறார்களா? இலையும் பூவும் தெரிய ஒரு புகைப்படம் போட்டால் பெரிய உதவி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு 2030 வரை காத்திருக்கத் தயார்.