1954-க்குப் பிறகு அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர்கள் எங்கே போனார்கள்?

மைக்கூடு (கேள்வி):
வணக்கம் நண்பர்களே. இசி (EC) என்ற அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகத்தின் பழைய இதழ்களை வரிசையாகப் படித்து வருகிறேன். பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் 1955-இல் வரைந்த 'மாஸ்டர் ரேஸ்' கதையை மூன்று முறை படித்த பிறகும் அந்தச் சுரங்க ரயில் காட்சி கண்ணைவிட்டு அகலவில்லை. அவர் அடுத்து என்ன வரைந்தார் என்று தேடினால், சில ஆண்டுகளிலேயே காமிக்ஸிலிருந்து விலகிவிட்டிருக்கிறார். அதே காலத்தில் வேறு பல ஓவியர்களும் காணாமல் போகிறார்கள். சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ் காரணமா என்று அமெரிக்க மேலவைத் துணைக்குழு நடத்திய விசாரணையே காரணம் என்கிறார்கள். ஒரு விசாரணை இத்தனை பேரின் பிழைப்பைக் கெடுத்திருக்க முடியுமா?

தூரிகை:
முடியாது. 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் விசாரித்த அந்தக் குழு காமிக்ஸைத் தடைசெய்யவில்லை. அரசு தலையிட்டுவிடுமோ என்று அஞ்சிய பதிப்பாளர்களே அவ்வாண்டில் ஒரு தணிக்கை அமைப்பை நிறுவி, 'ஹாரர்', 'டெரர்' ஆகிய சொற்கள் இதழின் பெயரில் இடம்பெறக் கூடாது என்பதுவரை விதித்துக்கொண்டார்கள். அதன் முத்திரை இல்லாத இதழ்கள் விற்பனையாளர்களிடமிருந்து கட்டுப் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. இசியின் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் 1956-க்குள் 'மேட்' என்ற நகைச்சுவை இதழ் தவிர மற்ற அனைத்தையும் நிறுத்திவிட்டார்.

ஓவியர்களுக்கு இந்த அடி ஏன் இவ்வளவு பலமாக விழுந்தது என்றால், அவர்களிடம் கையிருப்பு என்று எதுவும் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கதாபாத்திரமும் மறுபதிப்பு உரிமையும் பெரும்பாலும் மூலப் படமும்கூடப் பதிப்பாளருக்கே. சூப்பர்மேனின் உரிமை 1938-இல் 130 டாலருக்குக் கைமாறிய கதை எல்லோருக்கும் தெரியும். ஓவியர் வில் ஐஸ்னர் ஒருவர்தான் 'ஸ்பிரிட்' பாத்திரத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் காட்டினார் என்று எனக்குத் தோன்றும். அவரும் 1951 முதல் இராணுவத்துக்காக இயந்திரப் பராமரிப்பு இதழ் ஒன்றைத் தயாரித்தே காலம் தள்ளினார்.

பழைய இதழ்:
தூரிகை அவர்கள் சொன்னது பாதிதான். விநியோகச் சரிவை விட்டுவிட்டார். அட்லஸ் நிறுவனம் (பிற்கால மார்வெல்) நம்பியிருந்த அமெரிக்கன் நியூஸ் கம்பெனி 1957-இல் விநியோகத் தொழிலைக் கைவிட்டபோது, அட்லஸ் தன் போட்டியாளரான டிசியின் விநியோக நிறுவனத்திடமே போய் நிற்க வேண்டியதாயிற்று. மாதத்துக்கு எட்டு இதழ்கள்தான் என்று அங்கே வரம்பு கட்டினார்கள். அலமாரியில் ஏற்கெனவே வரைந்து வைத்த கதைகளே போதுமானதாக இருந்ததால், ஓவியர்களுக்குப் புதிய வேலை நின்றுபோனது. அட்லஸின் ஓவியர் ஜான் ரொமிட்டா டிசி நிறுவனத்தின் காதல் கதைகளுக்குப் போய், 1965-இல்தான் மார்வெலுக்குத் திரும்பினார். ஓவியர் ஜாக் கிர்பியோ டிசி ஆசிரியர் ஒருவருடன் ஏற்பட்ட வழக்கில் அங்கு வாய்ப்பிழந்து, ஆள்குறைந்து கிடந்த அட்லஸுக்கே வந்து சேர்ந்தார்.

மைக்கூடு:
இருவருக்கும் நன்றி. ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் எதுவும் அமைக்கவில்லையா?

தூரிகை:
விநியோகத்தை நான் விட்டது பிழைதான். சங்கம் அமைத்தார்கள், வேடிக்கை என்னவென்றால், அதற்குத் தலைமை ஏற்றவர் நீங்கள் கேட்ட அதே கிரிக்ஸ்டைன்தான். 1950-களின் தொடக்கத்தில் அமைந்த அந்தச் சங்கம் நீடிக்கவில்லை. அவரவர் வீட்டில் தனித்தனியே வரைபவர்கள், இவர் மறுத்தால் அந்தப் பக்கத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்ற நிலையில் எப்படி உறுதியாக நிற்க முடியும்?

மற்றவர்கள் போன வழி பலவிதம். பிளாஸ்டிக் மேனை உருவாக்கிய ஜாக் கோல், பிளேபாய் இதழின் கேலிச்சித்திரக்காரராகப் பெயர் பெற்றிருந்த நிலையில் 1958-இல் தற்கொலை செய்துகொண்டார். அக்காலத்து அரிய கறுப்பின ஓவியர்களுள் ஒருவரான மாட் பேக்கர் 1959-இல் நாற்பது வயதைத் தொடுமுன்பே இறந்தார். அலெக்ஸ் டாத் அசைவூட்டத்துக்குப் போய்ச் செழித்தார்.

கிரிக்ஸ்டைன் நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைந்தார், ஓவியம் தீட்டினார், பின்பு நியூயார்க்கின் கலை உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகள் போலப் பாடம் நடத்தினார். 'மாஸ்டர் ரேஸ்' அவருக்கு ஆறு பக்கக் கதையாகவே கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு கேட்டுப் போராடி எட்டு வாங்கினார். கேட்ட இடம் கிடைக்காததால்தான் கட்டங்களைத் துண்டு துண்டாக நறுக்கி அடுக்கினார். அந்த ரயில் காட்சியின் கட்டங்களை நான்காம் முறை படிக்கும்போது எண்ணிப் பாருங்கள்.