மறு: சர்ஃபேஸ் இன்டர்வலுக்குத் தமிழ் (பொனெய்ர் பயணக் குறிப்புக்காக)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘சர்ஃபேஸ் இன்டர்வல்’, அதாவது இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவே நீருக்கு வெளியே காத்திருக்கும் நேரம்; அதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன். நீங்கள் ஒரு சிற்றகராதியே அனுப்பிவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதினால் இழை சிக்கலாகிவிடும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சூழலை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிலர் கரீபியக் கடலில் உள்ள பொனெய்ர் தீவுக்கு ஸ்கூபா முக்குளிக்கப் போகிறோம். வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் சின்னத் தீவு. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி; செலாவணி அமெரிக்க டாலர்; ஊர்ப்பேச்சு பப்பியமெந்து. கூட வருபவர்களில் சிலர் ஆங்கிலக் கையேட்டைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தான், ஆனாலும் நாளொன்றின் திட்டத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொடு என்றார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் சொற்பஞ்சம் தெரிந்தது.

பொனெய்ரைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், அங்கே படகு தேவையில்லை. மேற்குக் கரை நெடுக, சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தின் பெயர். குறிக்கப்பட்ட இடங்கள் 80-க்கும் மேல். வாடகைக்கு எடுத்த பிக்கப் வண்டியில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, கல்லைப் பார்த்ததும் நிறுத்தி, உடுப்பை மாட்டி, நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். இதற்கு ஓர் உறுப்பினர் தந்த ‘கரைக்குளிப்பு’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். மறுப்பு யாரும் சொல்லவில்லை. இந்தக் குழுவில் அது அபூர்வம்.

இனி முதன்மையான சண்டைக்கு வருகிறேன்.

> ‘மேற்பரப்பு இடைவெளி’ என்று நேராகப் பெயர்த்துவிட்டுப் போகலாமே. எதற்கு இத்தனை யோசனை?

ஐயா, அது பிழையில்லை. ஆனால் அந்தச் சொல், ஆள் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறது. எதற்காக இருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. தவிர, இடைவெளி என்றதும் நம் மனத்தில் முதலில் விழுவது தூரம். இரண்டு மேசைகளுக்கு நடுவில் இருப்பது இடைவெளி. இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவில் நடப்பது வேறு.

என்ன நடக்கிறது? கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடல் மீதான அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரு மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்துக்கு ஈடான காற்றைத்தான் சுவாசிக்கிறோம், ஆகவே நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. (நைதரசன் என்று திருத்த வரும் ஈழத்து நண்பர்களே, அந்தப் போரை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.) மேலே வந்தபின் அது நுரையீரல் வழியாக மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டு ஏறினாலோ, பழையது கழிவதற்குள் மீண்டும் இறங்கிப் புதிதாக ஏற்றிக்கொண்டாலோ, மேலேறும்போது உடலுக்குள்ளேயே குமிழியாகக் கிளம்பலாம். மூட்டில் கிளம்பினால் வலி. தண்டுவடத்தில் கிளம்பினால் முடக்கம். இந்நோய்க்கு மருத்துவர் ஒருவர் இங்கே தந்த ‘குமிழிநோய்’, நான் வைத்திருந்த ‘அழுத்தக்குறைவு நோய்’ என்பதைவிட நூறு பங்கு மேல். அழுத்தக்குறைவு என்றால் மக்கள் பி.பி. மாத்திரையைத் தேடுவார்கள்.

படகில் போகிறவர்களுக்கு இந்த இடைநேரத்தை வேறொருவர் கணக்குப் பார்ப்பார். ‘இன்னும் அரை மணி’ என்று படகில் இருக்கும் வழிகாட்டி சொல்வார்; அதுவரை யாரும் இறங்க முடியாது. கரைக்குளிப்பில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அடுத்த மஞ்சள் கல் ஐந்து நிமிடத் தூரத்தில் கண்ணில் படுகிறது, வண்டியில் நிறைந்த சிலிண்டர் இருக்கிறது, கடல் கண்ணாடிபோல் கிடக்கிறது. மனம் இறங்கு இறங்கு என்கிறது. அந்த நேரத்தில் தாளில் எழுதியிருக்கும் சொல்லே ‘பொறு, உள்ளே இன்னும் அடங்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட சொல்.

> ‘இளைப்பாறல்’ நல்ல பழைய சொல். அல்லது ‘ஆறுகாலம்’.

இளைப்பாறல் எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் இங்கே தவறான ஆறுதலைத் தரும். இளைத்தவன்தானே இளைப்பாற வேண்டும்? களைப்பே தெரியாத இளைஞர் ‘எனக்குத் தேவையில்லை’ என்று கிளம்பிவிடுவார். நைட்ரஜனுக்கு அவர் களைத்தாரா இல்லையா என்பது தெரியாது. ‘ஆறுகாலம்’ இலக்கணப்படி அழகு. ஆனால் கோயிலில் ஆறுகாலப் பூசை கேட்டு வளர்ந்த எவரும் அதை ஒரு எண்ணாகத்தான் படிப்பார்கள்.

ஆகவே என் முன்மொழிவு ‘தணிநேரம்’. ஊறுகாய், சுடுநீர்போல வினைத்தொகை. தணிந்த, தணிகின்ற, தணியும் நேரம் என மூன்று காலத்துக்கும் விரியும். சொல்லவும் எளிது: “தணிநேரம் எவ்வளவு?” “ஒன்றரை மணி.” தண்ணீருக்கு வெளியே வண்டியில் சாய்ந்து கிடந்தாலும், கடற்கரைக் கடையில் மீன் சாப்பிட்டாலும் பொருந்தும். மேற்பரப்பு என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

> தணிநேரம் முடிந்தது என்றால் முழுவதும் தணிந்துவிட்டது என்று ஆகாதா? அது ஆபத்தான பொருள்.

இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான், அம்மா. இரண்டு நாள் யோசித்தேன். நம் வழக்கில் காய்ச்சல் தணிந்தது என்பதும் காய்ச்சல் விட்டது என்பதும் ஒன்றல்ல. தணிந்த காய்ச்சல் மாலையில் திரும்பவும் ஏறலாம் என்று எல்லா வீட்டிலும் தெரியும். தணிதல் என்பது இறங்குமுகம், தீர்தல் அல்ல. உடலில் நடப்பதும் அப்படித்தான். உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-ல், ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் செய்த சோதனைகளை ஒட்டி, மேலேறும் அட்டவணைகளை வெளியிட்டார். உடலை ஒரே பொருளாகக் கொள்ளாமல், வேகமாகக் கழியும் பகுதி, மெதுவாகக் கழியும் பகுதி என ஐந்தாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் பாதி கழிவதற்கு 5, 10, 20, 40, 75 நிமிடம் என்று கணக்கு வைத்தார். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று போகும் கணக்கில் ‘முடிந்தது’ என்ற புள்ளியே இல்லை. ‘தணி’ என்ற வினை அந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

கழியாமல் தங்கியிருப்பதை ‘எச்ச நைட்ரஜன்’ என்று ஒருவர் எழுதினார். இலக்கணத்தில் வினையெச்சம் படித்தவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும். ‘மிச்ச நைட்ரஜன்’ போதும்.

அடுத்தது, மேலேறும் வழியில் எங்கும் நிற்காமல் நேரே வந்துவிடக்கூடிய நேர எல்லை. பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணைப்படி முதல் முக்குளிப்பில் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். அதைத் தாண்டினால் வழியில் கட்டாயம் நின்று நின்றுதான் வர வேண்டும். பொழுதுபோக்காகப் போகிறவர்கள் தாண்டக்கூடாது. இதற்கு ‘அழுத்தநீக்கமற்ற வரம்பு’ என்று ஒரு பரிந்துரை வந்தது. வாய்க்குள் போனால் வெளியே வராது. தமிழ்நாட்டுப் பேருந்துகளின் நெற்றியில் பல காலமாக ஒரு சொல் ஒட்டியிருக்கிறதே, ‘இடைநில்லா’ என்று? புறப்பட்டால் நடுவில் நிற்காமல் போய்ச் சேரும் வண்டி. நமக்கு வேண்டிய பொருளும் அதுவே: ‘இடைநில்லா வரம்பு’. புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் யாரும் பாராட்ட வேண்டாம், போக்குவரத்துக் கழகத்துக்கு நன்றி சொல்லுங்கள்.

வரம்புக்குள் இருந்தாலும், ஏறும்போது 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் காத்திருப்பது நல்ல வழக்கம். இதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் ‘பாதுகாப்பு நிறுத்தம்’ என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ‘காப்புத் தரிப்பு’ வந்தது. என் வாக்கு யாழ்ப்பாணத்துக்கே. நிறுத்தம் என்றால் முக்குளிப்பையே பாதியில் நிறுத்துவதாகவும் படிக்க இடமுண்டு, வேலைநிறுத்தம்போல. தரிப்பு என்றால் சற்றே நின்று மறுபடி போவது. அங்கே பஸ் நிற்கும் இடமே தரிப்பிடம். ‘டைவர்’ என்பதற்கும் அவர்களுடைய ‘சுழியோடி’யையே எடுத்துக்கொள்கிறேன். இலங்கை நாளிதழ்களில் நாள்தோறும் புழங்கும் உயிருள்ள சொல் இருக்கும்போது ‘ஆழ்கடல் நீச்சல் வீரர்’ என்று எழுதுவானேன்? சுழியோடி நீந்துவதற்காகப் போவதில்லை. வீரராக இருக்கவும் தேவையில்லை.

> கடலோர வழக்கில் இதற்கெல்லாம் சொல் இருந்திருக்குமே. முத்துக்குளித்தவர்கள் என்ன சொன்னார்கள்?

தணிநேரத்துக்கு அவர்களிடம் சொல் கிடைக்கவில்லை, வியப்பில்லை. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு போனவர்கள். அழுத்தக் காற்றை ஆழத்தில் சுவாசிக்கிறவர்களின் சிக்கல் வேறு. ஆனால் மற்றச் சொற்களை அவர்களிடமிருந்து தாராளமாக எடுத்திருக்கிறேன். ‘பார்’ என்பது அவர்கள் சொல். பவளப்பாறை என்று பாடநூல் எழுதுகிறது; உயிருள்ளதைப் பாறை என்பதால்தானே பலர் அதன்மேல் ஏறி நிற்கிறார்கள்? பவளப்பார் என்றே எழுதப்போகிறேன். பொனெய்ரில் இது பெரிய விஷயம். தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை முழுவதும் கடற்பூங்கா, 1979 முதல். கையுறைக்குத் தடை, நங்கூரம் போடத் தடை. முதல் முக்குளிப்புக்கு முன் விதிகளை விளக்கக் கேட்டு, ஒரு சோதனைக் குளிப்பும் முடித்தாக வேண்டும்.

நீரோட்டத்துக்கு ‘நீவாடு’. எங்கள் தாளில் ஒரு வரி: “நீவாட்டை எதிர்த்துத் தொடங்கு, நீவாட்டோடு திரும்பு.” காற்றுக்கு வந்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சி. பொனெய்ரில் ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகிறது. நம் கடலோடிகளுக்கு அது கொண்டல். மேற்குக் கரையில் நிற்கிறவருக்குக் கொண்டல் முதுகில் அடிக்கும்; அதனால் அந்தக் கரை அலையற்றுக் கிடக்கும். கூடவே, மேலே மிதந்துகொண்டு அரட்டை அடித்தால் காற்று கடல்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். ‘கொண்டல் தள்ளும், கரையை ஒட்டி ஏறு’ என்று ஐந்து சொல்லில் எழுதி முடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பத்தி ஆகியிருக்கும்.

எல்லாம் சேர்ந்து தாளில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் மட்டும்:

“காலை, ஹில்மா ஹூக்கர். 1984-ல் மூழ்கிய சரக்குக் கப்பல். அடித்தளம் ஏறத்தாழ 30 மீட்டர். ஆழமானதை முதலில் முடி. இடைநில்லா வரம்பு 20 நிமிடம். கப்பலடியில் அதைவிட மிகக் குறைவாகவே இரு, பிறகு பாரின் சரிவில் மெல்ல மேலேறு. 5 மீட்டரில் காப்புத் தரிப்பு. கரை. தணிநேரம் ஒன்றரை மணி, குறைக்காதே. அடுத்து உப்புத் துறை. கப்பல் நின்று உப்பு ஏற்றுகிறது என்றால் இறங்க அனுமதி இல்லை, வேறு மஞ்சள் கல்லுக்குப் போ. உப்புத் துறையில் தூண்களைச் சுற்றி, ஆழம் போகாமல். மிச்ச நைட்ரஜனை நினைவில் வை: இரண்டாவது வரம்பு முதலாவதைவிடச் சிறியது.”

நைட்ரஜனும் மீட்டரும் தவிர ஓர் ஆங்கிலச் சொல்லும் இல்லை. படித்துக் காட்டியபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை; தணிநேரத்தை மட்டும் ஒருவர் “ஓ, சூடு தணிகிற மாதிரி” என்றார். அவர் அப்படியே புரிந்துகொள்ளட்டும்.

தீராமல் நிற்பது ஒன்று. ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் விடவேண்டிய நேரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல் குறையலாம். அதனால் பல நாள் முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் 12. நாங்கள் ஒரு முழு நாளையே விட்டிருக்கிறோம். அன்று வடக்கே உள்ள தேசியப் பூங்காவில் பிராண்டாரிஸ் குன்று ஏறலாம் என்று எண்ணம். தீவின் உச்சி அது, 241 மீட்டர்தான், அந்த உயரம் தொல்லை தராது. இந்த நேரத்துக்குப் ‘பறவா நேரம்’ என்று நான் எழுதினேன். ‘பறப்புத் தடை’ என்றார் ஒருவர். அது போர்க்காலச் செய்திபோல் ஒலிக்கிறது. இதையும் தணிநேரத்தின் குடும்பத்திலேயே வைத்துப் ‘பறப்புமுன் தணிநேரம்’ எனலாமா? நீளம்தான் இடிக்கிறது. தாள் அச்சுக்குப் போகும் முன், வெள்ளிக்கிழமைக்குள் கருத்துச் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த சுவாசக் காற்றான நைட்ராக்ஸை நைட்ராக்ஸ் என்றே விட்டுவிட்டேன். ‘உயிர்வளி மிகு கலவை’ அனுப்பிய நண்பர் மன்னிக்க வேண்டும். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய பெயரை மாற்ற எனக்குத் துணிவில்லை.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவர்