‘ஓரடி முன்னே’ பயிற்சிக்குப் பாத்திர அட்டைகள் எழுதித் தர முடியுமா?

வணக்கம் நண்பர்களே. அரசுப் பள்ளி ஏழாம் வகுப்புக்கு மனித உரிமை பற்றி 40 நிமிடப் பாடவேளை ஒன்றைத் தயாரிக்கிறோம். அதில் ‘ஓரடி முன்னே’ பயிற்சி இப்படி: தான் யாராக நடிக்க வேண்டும் என்று சொல்லும் பாத்திர அட்டை ஆளுக்கொன்று. “நோய் வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க முடியும்” என ஆசிரியர் வாசிப்பார். தன் பாத்திரத்துக்குப் பொருந்தினால் ஓரடி முன்னே வைக்கலாம்.

பிள்ளைகளைச் சொந்த வாழ்க்கையை வைத்து நகரச் சொல்லவே கூடாது. வசதியில்லாத பிள்ளை எல்லார் கண்ணெதிரே கடைசியில் நிற்க நேரும். அது பாடமல்ல, அவமானம். வாக்கியங்கள் 12-ஐத் தாண்டினால் பேச நேரமிருக்காது. கலந்துரையாடலுக்கு 20 நிமிடமாவது வேண்டும். அதற்கு முன் அட்டையைத் திருப்பி வாங்கி, தன் பெயரைச் சொல்லி உட்காரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘அகதி’ அட்டை வாங்கிய பிள்ளைக்கு அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல், பேச்சு “ஐயோ பாவம்” என்பதோடு நின்றுவிடுவது. அங்கே 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளை எளிய தமிழில் கையில் கொடுத்து, “எந்த உரிமை மறுக்கப்பட்டது? சரிசெய்ய வேண்டியது யார்?” என்று கேட்கிறோம்.

எங்களுக்கு 45 அட்டைகள் தேவை. மூன்று வரி போதும்: வயது, வீட்டு நிலை, அவருக்கு நன்றாக வரும் ஒரு வேலை. கடைசியது கட்டாயம்; அது இல்லாத அட்டை பரிதாபத்தைத்தான் தூண்டுகிறது. கலந்துரையாடலின் நடுவே ஒரு பிள்ளை தன் வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொல்லிவிட்டால் ஆசிரியர் அந்த நிமிடம் என்ன சொல்ல வேண்டும்? குழந்தைப் பாதுகாப்பில் பணிபுரிவோர் நாலு வாக்கியம் எழுதித் தந்தால் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சேர்ப்போம்.