மெய்நிகர் வரிசையில் யாருக்கு இடம் தருவது நியாயம்?

வழிப்போக்கன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் நாங்கள் நான்கு பேர் குடும்பமாக ஒரு பெரிய தீம் பார்க்குக்குச் சென்றிருந்தோம். அங்கே புதிதாகத் திறந்திருந்த ரோலர் கோஸ்டருக்கு நேரில் நிற்கும் வரிசையே இல்லை. காலை 7 மணிக்குச் செயலியில் இடம் பிடித்தவர்கள் மட்டுமே, தங்கள் குழுவின் எண் அழைக்கப்படும்போது போய் ஏறலாம் என்பது விதி. இதை 'மெய்நிகர் வரிசை' என்கிறார்கள். 7 மணி ஆனதும் பொத்தானை அழுத்தினேன். என் பழைய கைப்பேசியில் பக்கம் திறந்து முடிவதற்குள் அன்றைய இடங்கள் அனைத்தும் தீர்ந்துவிட்டன. பிற்பகலில் அறிமுகமான ஆறு நண்பர்கள், ஆறு கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் முயன்றதாகவும், அவற்றுள் ஒன்றில் ஆறு பேருக்கும் சேர்த்து இடம் கிடைத்ததாகவும் சொன்னார்கள். அவர்கள்மீது எனக்குக் குறை இல்லை. விதி அனுமதித்ததைத்தான் செய்தார்கள். ஆனால் "நாம் வரிசையில் நிற்கவே இல்லையே, அதற்குள் வரிசை எப்படி முடிந்தது?" என்று என் மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நேரில் நிற்கும் வரிசையில் முந்தி வந்தவருக்கு முதலிடம் தருவதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஏனெனில் அங்கே ஒவ்வொருவரும் தம் நேரத்தைக் கொடுத்துத்தான் இடத்தைப் பெறுகிறார்கள். செயலியிலோ சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுவதால், அதே விதி இணைய வேகத்துக்கும் விரல் வேகத்துக்கும் பரிசளிப்பதாக ஆகிவிடுகிறது. அந்தப் பூங்காவின் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத நினைக்கிறேன். குறை கூறுவதோடு நிறுத்தாமல், நடைமுறைக்கு ஒத்துவரும் மாற்றுவழி ஒன்றை அதில் முன்வைக்க விரும்புகிறேன். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தண்டவாளம்:

சில ஆண்டுகள் ஒரு பூங்காவில் சவாரிகளை இயக்கும் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த முறையைக் கொண்டுவந்தாலும் சவாரியில் ஓர் இருக்கைகூடக் கூடப்போவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 1,500 பேரை ஏற்றக்கூடிய சவாரி 12 மணி நேரம் ஓடினால் 18,000 பேர் ஏறலாம். இடையில் 2 மணி நேரம் பழுதாகி நின்றால் 15,000 பேர்தான். அன்று உள்ளே வந்தவர்கள் 30,000 பேர் என்றால், அவர்களில் பாதிப் பேர் ஏற முடியாது. அந்தப் பாதியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

ஃபுளோரிடாவின் டிஸ்னி ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் 2019 டிசம்பரில் 'ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ்' சவாரி திறக்கப்பட்டபோது, செயலியில் குழு எண் கொடுத்தார்கள். அதைக் கேட்பதற்குப் பூங்காவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விதித்ததால், மக்கள் விடியுமுன்பே வந்து வாசலில் காத்திருந்தார்கள். அப்படியும் எண்கள் சில நிமிடங்களில் தீர்ந்தன. அச்சவாரி அடிக்கடி பழுதாகி நின்றதால், உறுதியான எண்களுக்குப் பின்னால் 'முடிந்தால் அழைப்போம்' என்ற காப்புக் குழுக்களையும் வைத்திருந்தார்கள். பின்னர் காலை 7 மணிக்கு எங்கிருந்தும் கேட்கலாம், தவறியவர்கள் பிற்பகலில் மீண்டும் முயலலாம் என்று மாற்றினார்கள். விடியுமுன் வரும் தொல்லை நீங்கியது. ஆனால் போட்டி முழுவதும் விரல் நுனிக்கு வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் அங்கே வழக்கமான நிற்கும் வரிசையைத் திறந்துவிட்டார்கள். ஆகவே உங்கள் கடிதத்தில், இடங்களைக் கொடுக்கும் நேரத்தை மட்டும் மாற்றுமாறு கேட்காதீர்கள். அதனால் தோற்பவர்கள் மாறுவார்களே தவிர, போட்டி மாறாது.

எண்ணும் எழுத்தும்:

என் கருத்தில் இதற்கு ஏற்ற வழி குலுக்கல்தான். காலை 6 மணி முதல் 8 மணி வரை யார் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், 8 மணிக்கு ஒரே குலுக்கல் என்று வைத்துவிட்டால், 6 மணி ஒரு நிமிடத்தில் விண்ணப்பித்தவருக்கும் 7.50க்கு விண்ணப்பித்தவருக்கும் ஒரே வாய்ப்பு. கைப்பேசியின் வேகம் அங்கே பொருளற்றதாகிவிடும். டோக்கியோ டிஸ்னி பூங்காக்களில் சில நிகழ்ச்சிகளுக்கு 'என்ட்ரி ரிக்வெஸ்ட்' என்ற பெயரில் இத்தகைய குலுக்கல் நடக்கிறது. ஒரு நாளில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒருவர் ஒரு முறைதான் கேட்க முடியும்.

ஆனால் குலுக்கலிலும் ஓர் ஓட்டை உண்டு. அதைக் கவனிக்காவிட்டால் நீங்கள் சந்தித்த ஆறு நண்பர்களே மறுபடியும் வெல்வார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வெற்றி வாய்ப்பு பத்தில் ஒன்று என்று கொள்வோம். தனியாக வந்தவருக்கு 10 விழுக்காடு. ஆறு பேரும் தனித்தனியே விண்ணப்பித்து, யாருக்குக் கிடைத்தாலும் எல்லோரும் ஏறலாம் என்றால், அவர்கள் ஆறு பேருமே தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 53 விழுக்காடு. அதாவது வெல்வதற்கான வாய்ப்பு 47 விழுக்காடு. இதைத் தடுப்பது எளிது. ஒவ்வொரு நுழைவுச்சீட்டின் எண்ணும் ஒரே ஒரு விண்ணப்பத்தில்தான் இடம்பெற முடியும் என்று விதித்து, குழு எத்தனை பேராக இருந்தாலும் அதற்கு ஒரே குலுக்கல் சீட்டு போட வேண்டும். அப்போது தனி ஆளுக்கும் ஆறு பேர் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு ஒன்றாகவே இருக்கும். கடைசியாக எஞ்சும் மூன்று இடங்களுக்கு நான்கு பேர் குழு வந்து நின்றால், அக்குழுவையும் ஏற்றிக்கொள்ளலாம். 15,000 இடங்களில் ஓர் இடம் கூடுவதால் எதுவும் குலைந்துவிடாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிற்பகலில் இரண்டாவது குலுக்கல் ஒன்று வைத்தால், காலையில் தோற்றவர்களுக்கு அதில் முன்னுரிமை தர வேண்டும், ஏற்கெனவே ஏறியவர்கள் எல்லோருக்கும் பின்னால் போக வேண்டும். யார் ஏறினார்கள் என்பது செயலிக்கு எப்படியும் தெரியும்.

நடைபாதை:

மேலே எழுதிய நண்பரின் கணக்கை ஏற்கிறேன்; ஆனால் எல்லா இடங்களையும் குலுக்கலில் விடுவதை ஏற்க இயலவில்லை. ஒரு சவாரிக்காகவே நெடுந்தொலைவிலிருந்து வந்து, மூன்று மணி நேரம் நிற்கவும் ஆயத்தமாக இருப்பவரிடம் "உங்கள் சீட்டு விழவில்லை, போய்வாருங்கள்" என்று சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. இடங்களில் ஒரு பகுதியையாவது, மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம், நேரில் நிற்பவர்களுக்கு ஒதுக்க வேண்டும். கைப்பேசி இல்லாதவர்களுக்கும் அதுதான் ஒரே வழி.

மெய்நிகர் வரிசையில் இருப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யுனிவர்சல் ஆர்லாண்டோவின் வால்கனோ பே நீர்ப்பூங்கா 2017 மே மாதத்தில் திறந்தபோது, 'டாப்புடாப்பு' என்ற கைப்பட்டையைக் கொடுத்து, நிற்காமலே சறுக்குகளுக்கு இடம் பிடிக்கும் முறையைப் பூங்கா முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். வரிசையில் நின்றிருக்க வேண்டிய கூட்டம் எல்லாம் அப்போது வரிசைக்கு வெளியே, பூங்காவுக்குள்தான் இருக்கும், காத்திருப்பு மறைவதில்லை. அம்முறையில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருந்தது: ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு வரிசையில்தான் இடம் வைத்திருக்க முடியும். நான்கு சவாரிகளுக்கு ஒரே சமயத்தில் இடம் பிடித்து வைப்பவர், உண்மையில் நான்கு பேரின் இடத்தில் நிற்கிறார்.

கூடுதல் பணம் கொடுத்தவர்கள் விரைவாக ஏறும் கட்டணப் பாதையைப் பற்றியும் கடிதத்தில் எழுதுங்கள். நீண்ட வரிசையில் நிற்காமல், குறித்த நேரத்தில் வந்து ஏற உதவும் ஃபாஸ்ட்பாஸ் முறையை டிஸ்னி 1999இல் அறிமுகப்படுத்தியபோது அது இலவசமாக இருந்தது. 2021 அக்டோபரில் ஃபுளோரிடாவில் அதன் இடத்துக்கு வந்தது கட்டண முறை. பணம் கொடுத்து வருபவர்களும் அதே இருக்கைகளில்தான் அமர்கிறார்கள் என்பதால், இரண்டு பாதைகளும் சேரும் இடத்தில் பணியாளர் எந்த விகிதத்தில் ஆட்களை அனுப்புகிறார் என்பதே நிற்பவரின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. அந்த விகிதத்தை வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். வரிசைகளை நெடுங்காலம் ஆய்ந்த அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் லார்சன், பின்னால் வந்தவர் தமக்கு முன்னால் போவதைக் காண்பது மக்களை எவ்வளவு வருத்துகிறது என்பதை வலியுறுத்தியவர். காரணத்தை முன்கூட்டியே சொன்னால் அந்த வருத்தம் பாதி குறையும் என்பது என் நம்பிக்கை. நெடுநேரம் நிற்க இயலாத உடல்நிலை உள்ளவர்களுக்கு, நிற்காமல் பின்னர் வந்து ஏறுவதற்கான நேரத்தைத் தனியே கொடுக்க வேண்டும். அதைக் குலுக்கலில் கலக்கக் கூடாது.

வழிப்போக்கன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு நுழைவுச்சீட்டுக்கு ஒரே விண்ணப்பம், காலையில் குலுக்கல், மூன்றில் ஒரு பங்கு நேரில் நிற்பவர்களுக்கு என்று எழுதப்போகிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: குலுக்கலில் வென்றவர்கள் அழைத்தபோது வராவிட்டால் அந்த இருக்கைகள் வீணாகாதா?

தண்டவாளம்:

வீணாகாது, நிற்கும் வரிசை ஒன்றை வைத்திருந்தால் நிச்சயமாக வீணாகாது. அழைத்தபின் வர ஒரு மணி நேரம் தருவது வழக்கம். அதற்குள் வராதவர்களின் இருக்கைகளுக்கு நிற்பவர்களை அப்போதைக்கப்போது அனுப்பிவிடலாம். நிற்கும் வரிசையே இல்லாத இடங்களில்தான், எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று முன்கூட்டியே ஊகித்துக் கூடுதலாக எண்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகம் தவறும் நாட்களில் எண் வைத்திருப்பவர்களும் வெயிலில் நெடுநேரம் நிற்க நேர்கிறது. இந்தக் காரணத்தையும் கடிதத்தில் எழுதுங்கள். நடைபாதை நண்பர் கேட்கும் மூன்றில் ஒரு பங்குக்கு, இயக்கும் பிரிவினர் உடனே ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம் இதுதான்.