வீட்டுத் தோட்டத்துக் காப்பி புளிக்கிறது, ஈரச் சாக்கு வாடையும் வருகிறது. தப்பு எங்கே?

மேமியோ வீட்டுக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பர்மாவில், மேமியோ மலையூரில். பெயர்ப்பலகையில் பியின் ஊ லுவின் என்று இருந்தாலும் எங்கள் வீட்டில் இன்னும் மேமியோதான். மாமனார் நட்டுவிட்டுப் போன அரபிக்கா மரம் 14 வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது, நடுவில் ஒரு பலா, வேலியோரம் நாலு சில்வர் ஓக். அவர் இருந்தவரை பழமாகவே வியாபாரியிடம் போட்டுவிடுவார். நம் மரத்துக் காப்பியை நாமே ஒரு தடவையாவது குடிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை, அதனால் இந்த வருடம் நானே இறங்கினேன்.

ஜனவரி முதல் வாரத்தில் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே நாளில் 20 வீசைப் பழம் பறித்தோம் (இங்கே ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்). பலா நிழலில் இருக்கும் இரண்டு மரம் மட்டும் பழுக்கவில்லை, அதை விட்டுவிட்டோம். அன்று ராத்திரி பழம் சாக்கிலேயே இருந்தது. மறுநாள் உரலில் லேசாகக் குத்தித் தோலை நீக்கி, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். வழவழப்புப் போக நாலு நாள் ஆகும் என்று ஒருவர் சொன்னார், அதன்படி நாலாம் நாள் கழுவி, சிமெண்டுத் தரையில் ஒரு வாரம் காயவைத்து, சாக்கில் கட்டி அடுப்படிப் பரணில் வைத்தேன்.

வறுத்து அரைத்துப் போட்டால், முதல் வாயிலேயே புளிப்பு. எலுமிச்சைப் புளிப்பு என்றால்கூடப் பரவாயில்லை, இது இரண்டு நாள் ஆன நீராகாரப் புளிப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் ஈரச் சாக்கு வாடை நிற்கிறது. பாலும் சர்க்கரையும் எவ்வளவு போட்டாலும் போகவில்லை. எங்கள் ஃபில்டர் மாமனாருடைய அம்மா ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பித்தளை ஃபில்டர். உள்ளே ஈயம் தேய்ந்திருக்கிறது, அதனால் வருமோ என்று வீட்டில் சந்தேகம். யாராவது சொல்லுங்கள். அப்புறம் ஒரு மரத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிறது, அதையும் கேட்க வேண்டும்.

டவுன்ஜி தோட்டக்காரர்:
தங்கச்சி, கடைத்தூளை அதே ஃபில்டரில் போட்டு ஒரு காப்பி குடித்துப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ஃபில்டர்மேல் பழியில்லை. ஈயம் எப்படியும் பூச வேண்டியதுதான், ஆனால் அது வேறு விஷயம். எனக்குத் தெரிந்தவரை நீங்கள் சொன்ன இந்த வாடை களத்திலேயே வந்துவிட்டது, அடுப்புக்கு வருவதற்கு முன்பே.

முதலில் பறிப்பு. காப்பி ஒரே நாளில் பழுக்கிற மரம் இல்லை. நம் மலையில் டிசம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை போகும், அதே மரத்துக்கு மூன்று நாலு தடவை போய்ச் சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். கிளையோடு உருவினால் பச்சைக்காயும் கூடவே வரும், அந்தப் பச்சை வறுத்தாலும் வெளிறிப்போய்க் கடலைத் தோல் மாதிரி துவர்க்கும். பறித்ததைத் தண்ணீரில் கொட்டுங்கள், மிதப்பதை அள்ளித் தனியே போட்டுவிடுங்கள். அன்றைக்கே தோல் நீக்க வேண்டும். ராத்திரி முழுக்கச் சாக்கில் கிடந்த பழத்துக்குள் கையை விட்டுப் பார்த்திருந்தால் சூடு தெரிந்திருக்கும், அங்கேயே புளிக்க ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது, ஊறல். இதுதான் உங்கள் காப்பியைக் கெடுத்தது. நாள் கணக்கு, மணிக்கணக்கு எல்லாம் ஒரு திட்டத்துக்குத்தான், கைதான் சொல்ல வேண்டும். ஒரு பிடி அள்ளித் தண்ணீருக்குள் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல் உரசுகிற மாதிரி சொரசொரவென்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே கழுவிவிட வேண்டும். மேமியோக் குளிரில் ஒரு நாளில் ஆகலாம், ஒன்றரை நாள் ஆகலாம், கீழே வெக்கையான ஊர்களில் அதைவிடச் சீக்கிரம் ஆகிவிடும். நாலு நாள் விட்டால் கொட்டைக்குள்ளேயே புளிப்பு ஏறிவிடும், அதை எந்த வறுவலும் எடுக்காது.

மூன்றாவது, காயவைப்பது. சிமெண்டுத் தரையில் பகலில் சூடு, ராத்திரியில் பனி. ஜனவரிப் பனி உங்களுக்குத் தெரியாததா? அஞ்சு மணிக்கு மேல் மூடாமல் விட்டால் பகலில் காய்ந்ததெல்லாம் விடிவதற்குள் திரும்ப ஈரமாகிவிடும், பூசணத்துக்கு அது போதும். இடுப்பு உயரத்தில் மூங்கில் தட்டி கட்டி, மேலே வலை விரித்து, ஒரு அங்குலத்துக்கு மேல் குவியாமல் பரப்புங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அடிக்கடி கிளறிவிட வேண்டும். எட்டுப் பத்து நாளாவது ஆகும், மேகம் போட்டால் இன்னும் கூடும். ஈரம் 100க்கு 10லிருந்து 12க்குள் வர வேண்டும். கருவி இல்லாவிட்டால் பல்தான் கருவி: மேல் ஓட்டை உரித்து ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள், பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது.

தோல் நீக்குகிற வேலையே வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. எங்கள் பக்கம் யுவாங்கானில் தனு மக்கள் பழத்தை முழுசாகவே தட்டியில் காயவைக்கிறார்கள், மூன்று வாரத்துக்கு மேலே ஆகும். அந்தக் காப்பி 2016லிருந்து அமெரிக்கா வரை போகிறது. ருசியில் ஒரு பழ வாசனை நிற்கும். ஆனால் அதற்கும் கெட்டியாகக் குவிக்காமல் தினமும் கிளறுகிற பொறுமை வேண்டும்.

ரங்கூன் வறுவல்:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. வறுவல் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். அக்கா, வறுத்த கொட்டை ஒன்றை இரண்டாக உடைத்துப் பாருங்கள். வெளியே கருப்பு, உள்ளே வெளிர் மஞ்சள் என்றால் தீ அதிகம், நேரம் குறைவு. வேகாத கொட்டையும் புளிக்கும், அது வேறு புளிப்பு. விறகில் வறுத்தால் தணல் விழுந்த பிறகு சட்டியை ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் போடாமல், கை நிறுத்தாமல் கிளற வேண்டும். பச்சைப் புல் வாசனை போய் ரொட்டி சுடுகிற வாசனை வரும், அப்புறம் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம் கேட்கும். அதற்குக் குறைந்தது பத்து நிமிடமாவது ஆக வேண்டும். அதற்கு முன்பே சத்தம் வந்தால் தீயைக் குறைக்க வேண்டும். சத்தம் அடங்கிய பிறகு இரண்டு நிமிடம், பாலுக்கு ஏற்ற நிறம் வந்துவிடும். இறக்கியதும் முறத்தில் கொட்டிப் புடைத்து ஆற்றுங்கள், சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். ஒரு நாளாவது வைத்திருந்து அப்புறம் அரையுங்கள். அன்றைக்கே அரைத்தால் ஃபில்டரில் நுரைத்துக்கொண்டு மேலே வரும், டிகாஷன் சரியாக இறங்காது.

மேமியோ வீட்டுக்காரி:
அண்ணே, கடைத்தூளைப் போட்டுப் பார்த்தேன், அருமையாக இருந்தது. இவ்வளவு நாள் அந்த ஃபில்டரைச் சந்தேகப்பட்டோமே என்று மனசு கஷ்டமாகிவிட்டது. கொட்டையைக் கடித்தேன், பல் நன்றாகப் பதிகிறது. சாக்கை இறக்கி முகர்ந்தால் அடியில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, பரணில் அதற்குப் பக்கத்திலேயே ஙாப்பிச் சட்டியும் (புளிக்கவைத்த மீன் விழுது) இருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. இன்னும் இரண்டு வீசை ஓட்டோடு இருக்கிறது. திரும்ப வெயிலில் போட்டால் தேறுமா?

டவுன்ஜி தோட்டக்காரர்:
தேறாது தங்கச்சி, குடிக்கவும் வேண்டாம். பூசண நஞ்சு வறுக்கிற சூட்டில் முழுசாக அழிவதில்லை. எருக்குழியில் போட்டுவிடுங்கள், பழத்தோலையும் அங்கேயே மக்கவிட்டு அடுத்த மழைக்கு முன் மரத்துக்கே வையுங்கள். காப்பிக் கொட்டை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், அதனால் ஙாப்பி, கருவாடு, மசாலா எதற்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

அந்த மஞ்சள் மரத்தின் அடித்தண்டைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் மோதிரம் சுற்றின மாதிரி மேடு தட்டுப்பட்டால் அது வெள்ளைத் தண்டுத் துளைப்பான், புழு உள்ளே மரத்தைக் குடைந்துகொண்டிருக்கும். இப்படி ஒரு மரத்தை வைத்துக் காப்பாற்றப் பார்த்து பக்கத்தில் ஆறு மரத்தை நான் இழந்திருக்கிறேன். ஏப்ரலில் வண்டு வெளியே வருவதற்கு முன் வெட்டி, தண்டை எரித்துவிடுங்கள், விறகாக அடுக்கிவைத்தால் அதிலிருந்தே வரும். வெயில் நேராக விழும் தண்டில்தான் வண்டு முட்டையிடும், நிழல் குறைந்த பக்கத்தில் இன்னும் ஒரு மரம் வையுங்கள். வெண்ணெய்ப் பழ மரம் என்றால் நிழலும் ஆகும், விற்கவும் ஆகும். மேடு இல்லாமல் இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய், அதற்கு மரத்தை வெட்ட வேண்டாம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை அடித்தால் போதும்.

மோல்மீன் பாட்டி வீடு:
எங்கள் பக்கம் தாழ்ந்த ஊர், அரபிக்கா வராது, ரொபஸ்டாதான் நாலு மரம் நிற்கிறது. கசப்பு தூக்கலாக இருக்கும், ஆனால் டிகாஷன் கெட்டியாக இறங்கும். அரபிக்கா மூன்று பங்கு, ரொபஸ்டா ஒரு பங்கு கலந்து பாருங்கள், பால் காப்பிக்கு அது ஒரு தனி ருசி. கண்டென்ஸ்டு மில்க் போட்டுக் குடிக்கிற வீட்டுக்கு இந்தக் கலவை இல்லாவிட்டால் காப்பியே தெரியாது. ஃபில்டரில் தூளை அமுக்க வேண்டாம், தட்டிச் சமப்படுத்தினால் போதும். கொதி அடங்கிய தண்ணீரை முதலில் தூள் நனைகிற அளவுக்கு விட்டு, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள்.

மேமியோ வீட்டுக்காரி:
தண்டில் இரண்டு இடத்தில் மேடு இருக்கிறது அண்ணே. ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமனார் முதலில் வைத்த மரம் அது, அதனால் யாரும் ஒன்றும் பேசவில்லை.

பலா நிழலில் இருந்த இரண்டு மரத்தில் நேற்றுச் சிவந்ததை மட்டும் பறித்தேன், மூன்று வீசை தேறியது. மிதந்தது ஒரு கிண்ணம் வந்தது, எடுத்துவிட்டேன். சாயங்காலமே தோல் நீக்கி ஊறப்போட்டாயிற்று. தட்டி கட்ட மூங்கில் வெட்டிவைத்திருக்கிறோம். இன்று காலை ஒரு பிடி அள்ளித் தேய்த்தேன், இன்னும் வழுக்குகிறது. மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைப்பதற்கு முன் ஒரு தடவை தேய்த்துப் பார்க்கப் போகிறேன்.