எக்ஸ்எம்பி போட்டால் நீலத் திரை: 3200 ரேமும் 3600 ரேமும் சேர்ந்து ஓடுமா?

தங்கச்சிமடத்தான்:
வணக்கம். ரைசன் 5 5600ஜி, ரேம் மாட்ட நாலு ஸ்லாட் உள்ள பி450 மதர்போர்டு. கிராபிக்ஸ் கார்டு கிடையாது, இப்போதைக்கு வாங்க வழியும் இல்லை. இரண்டு வருஷமாக ஒரே ஒரு 8 ஜிபி ரேம், வேகம் 3200, தாமத எண் சிஎல்16. போன வாரம் ராமநாதபுரத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கினேன். 3200 இல்லையென்று 3600 சிஎல்18 கொடுத்தார்கள். "வேகம் கூடத்தானே தம்பி, எடுத்துட்டுப் போ" என்றார் கடைக்காரர்.

மாட்டினேன். டாஸ்க் மேனேஜரில் 2400 என்றுதான் காட்டுகிறது. கார் பந்தய ஆட்டத்தில் முன்பும் நொடிக்கு 30 பிரேம்தான், இப்போதும் அதேதான். எக்ஸ்எம்பியை (ரேமிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பு) ஆன் செய்தால் 3200இல் ஏறுகிறது, ஆனால் இருபது நிமிஷத்தில் மெமரி மேனேஜ்மென்ட் என்று நீலத் திரை. ராத்திரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது, மத்தியானம் சுத்தமாக முடியவில்லை. புது ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கீழக்கரை பாய்:
திருப்பிக் கொடுக்காதீங்க தம்பி. முதலில் ஒரு கேள்வி, எந்தெந்த ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள்?

தங்கச்சிமடத்தான்:
பிராசசர் பக்கத்திலிருந்து முதலாவது, இரண்டாவது. பக்கத்துப் பக்கத்தில்.

கீழக்கரை பாய்:
அதான் பார்த்தேன். அந்த இரண்டும் ஒரே சேனல், அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் இடையில் ஒரே பாதை. இரண்டு ரேம் போட்டும் ஒற்றைச் சேனலில்தான் ஓடுகிறது. பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் மாட்டுங்கள். உங்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. 5600ஜிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இதே ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. 3200இல் ஒற்றைச் சேனல் நொடிக்கு 25.6 ஜிபி, இரட்டைச் சேனல் 51.2. கார்டு வைத்திருப்பவனுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, உங்களுக்கு இதுதான் சோறு.

சிஎல் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 3200க்கு 16, 3600க்கு 18: இரண்டுக்கும் தாமதம் 10 நானோ வினாடிதான். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை, ஜோடிதான் பொருந்தவில்லை. அடுத்த முறை ஒரே பெட்டியில் வரும் இரண்டு 8ஆக வாங்குங்கள்.

தொண்டிக்காரன்:
பேசாம அடுத்த தலைமுறை ரேம் டிடிஆர்5, 6000 வேகத்துல வாங்கிப் போடுங்க ப்ரோ.

கீழக்கரை பாய்:
அவர் போர்டில் அது உள்ளேயே போகாது. நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் வரும். அதற்குப் போர்டும் பிராசசரும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மண்டபம் மெக்கானிக்:
தம்பி, வீடு கடலுக்கு எவ்வளவு தூரம்? பழைய ரேமைக் கழற்றி டார்ச் அடித்து, ஸ்லாட்டுக்குள் போகும் தங்க முலாம் பூசிய கீழ்ப்பல்லைப் பாருங்கள்.

தங்கச்சிமடத்தான்:
வடக்குக் கரைதான் அண்ணே, வாசலில் நின்றால் படகு தெரியும். வாடை அடித்தால் ஜன்னல் கம்பியெல்லாம் பிசுபிசுக்கும். பார்த்தேன். நாலைந்து பல்லில் மங்கலாக ஏதோ படிந்திருக்கிறது, ஒன்றில் கடுகளவு பச்சைப் புள்ளி.

மண்டபம் மெக்கானிக்:
நினைத்தது சரி. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் அந்த முலாம் மெல்லியது. நுண்ணிய ஓட்டை வழியாக உப்பு ஈரம் உள்ளே போய் அடியில் இருக்கும் நிக்கலையும் செம்பையும் தின்னும். 2400இல் ஓடுகிற ரேம் 3200இல் தடுமாற இது போதும். இந்தக் காற்றுக்குப் பாம்பன் பாலத்துக்கே ஓயாமல் பெயிண்ட் அடித்தார்கள், ரேம் எம்மாத்திரம்.

அழிரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்ச முலாமும் போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்கி, மெல்லிய துணியில் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் ஊதாதீர்கள், வாயிலும் ஈரம்தான். அப்புறம் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை மென்பொருளில் ஓட்டுங்கள். மத்தியானம் ஓட்டுங்கள், ராத்திரி பாஸானால் அது பாஸ் இல்லை. சூட்டில்தான் ரேமின் குணம் வெளியே வரும்.

கீழக்கரை பாய்:
சுத்தமானதும் எக்ஸ்எம்பியை நம்பாமல் பயாஸில் (போர்டின் அமைப்புப் பக்கம்) கையால் போடுங்கள்: வேகம் 3200, தாமத எண்கள் 16-18-18-38, 1.35 வோல்ட். அது நின்றால் 3600க்கு 18-22-22-42 முயலலாம், வோல்ட் அதேதான். சேமித்ததும் திரை ஒரு நிமிஷம் கறுப்பாக இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பதறிப்போய் பிளக்கைப் பிடுங்காதீர்கள். வரவே இல்லையென்றால் கரண்டை அணைத்து வயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

தங்கச்சிமடத்தான் (நாலு நாள் கழித்து):
அண்ணே, பாய், இரண்டு பேருக்கும் நன்றி. துடைப்பதற்கு முன்பே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பழைய ரேம் 3200இல் பத்து நிமிஷத்திலேயே சிவப்பு வரிகளாகக் கொட்டியது, புதியது சுத்தம். துடைத்தபோது துணியில் பச்சையும் கறுப்புமாக வந்தது. மறுபடி ஓட்டினேன், நாலு சுற்றும் பிழையில்லை.

2, 4இல் மாட்டி 3200 வைத்தேன். ஆட்டம் 45க்குக் கீழே இறங்கவில்லை. 3600உம் பார்த்தேன்: காலையில் நன்றாக ஓடியது, மத்தியானம் இரண்டு மணிக்கு மெம்டெஸ்ட்டில் இரண்டு பிழை. 3200க்கே திரும்பிவிட்டேன்.

மண்டபம் மெக்கானிக்:
சரியான முடிவு. இரண்டு பிழை என்றாலும் பிழைதான், ஒருநாள் விண்டோஸையே கெடுத்துவிடும். பயாஸ் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வாடைக் காலம் முடிந்ததும் இன்னொரு தடவை கழற்றிப் பாருங்கள்.